பொதுப் பணமும் பொது உரிமையும்



கல்வி வந்தால் இழிவு தானே நீங்கும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். கல்வி வேண்டும், அதனோடு உரிமையைக் கேட்டுப் பெறும் உறுதியும் வேண்டும். இதனை விளக்க, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றிலிருந்து ஒரு பகுதியைக் கூற விழைகின்றோம். அவர்தம் நிலையும் நம் நிலையும் ஒத்தவை என்று, அறிஞர் டு பாய்ஸுக்கு 1946-இல் எழுதிய மடலிலேயே அண்ணல் அம்பேத்கர் சுட்டியுள்ளார்.

1947-இல் லெவிட் நிறுவனம் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் ஒரு புதுநகரைக் கட்டத் தொடங்கியது. லெவிட்டவுன் என்னும் அந்நகரில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பூங்கா, நீச்சற்குளம், கடைவீதி யாவும் திட்டமிட்டு அமைக்கப்பட்டன. வெள்ளையர் அல்லாதார் அங்குக் குடியிருத்தல் ஆகாது என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு! இவ்வீடுகளுக்கான கடனுக்கு உறுதியளித்ததோ அரசு. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் ஒப்பந்த வாசகம் நீங்கியது, வழக்கம் நீங்கவில்லை.

பென்சில்வேனியாவில் எழுந்த இரண்டாம் லெவிட்டவுனிலும் இதே நிலை. கறுப்பின மக்களின் தேசிய முன்னேற்றச் சங்கத்தின் துணையுடன் தொடுக்கப்பட்ட வழக்கு 1955-இல் தள்ளுபடியாயிற்று. எனினும் அம்மக்கள் ஓய்ந்தாரில்லை. 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் தம்பதியர், வெள்ளையர் ஒருவரிடம் வீட்டை விலைக்கு வாங்கித் தம் பிள்ளைகளுடன் குடிபுகுந்தனர். வில்லியம் படையில் பணியாற்றியவர்; டெய்சி கல்லூரியில் பயின்றவர். கும்பலின் கற்கள் இவற்றையெல்லாம் பார்க்கவில்லை. சன்னல் உடைந்தது. மாநிலக் காவலர் வந்து நிற்க வேண்டியதாயிற்று. அவ்விரவுகளில் துணைநின்ற வெள்ளை அண்டைவீட்டாரும் இருந்தனர். குடும்பம் வெளியேற மறுத்தது.

மூன்றாம் நகர் நியூஜெர்சியில் அமைந்தது. வெள்ளையர்க்கே விற்போம் என்று 1958-இல் நிறுவனம் அறிவித்தது. அரசு உதவி பெறும் வீட்டில் பாகுபாடு கூடாது என்னும் சட்டம் அம்மாநிலத்தில் இருந்தது. வீடு மறுக்கப்பட்ட வில்லி ஜேம்ஸ் என்னும் கறுப்பினப் படை அதிகாரி அச்சட்டத்தின்கீழ் முறையிட்டார். அரசு கடனுறுதி அளித்த வீடு பொது உதவி பெற்ற வீடே என்று 1960-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. கதவு திறந்தது. நாடு முழுமைக்குமான வீட்டுரிமைச் சட்டம் 1968-இல் வந்தது.

இளைஞர்களே! சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது; அதனை எடுத்து வழக்காட ஒருவர் முன்வருதல் வேண்டும். பொதுப் பணம் சென்ற இடமெல்லாம் பொதுமக்கள் அனைவர்க்கும் உரியது. மனைப்பட்டா ஆயினும், விடுதி ஆயினும், குடியிருப்பு ஆயினும், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். தனி ஒருவர் முறையிடும்போது அவர் பின்னே சங்கமாய் நில்லுங்கள். நாம் பெற்ற கல்வியின் பயன் அதுவே.