தேய்ந்த சாம்பிள்

சென்னையில் வியாசர்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த ஈ.ஐ.ஆர். 21 என்ற நீராவி எஞ்சின், நூறாண்டுக்கு மேல் ஓடாமல் நின்றுவிட்டு, 2010-இல் இங்கேதான் பழுது பார்க்கப்பட்டு மறுபடி ஓடியது. அதற்கெல்லாம் கடையில் ஸ்பேர் கிடைக்குமா? செய்துகொள்ள வேண்டியதுதான்.

புல்லட்காரர்களுக்கு ஸ்பேர் பற்றி அவ்வளவு கவலையில்லை. திருவொற்றியூருக்கு வந்த அந்த வண்டி, இங்கிலாந்துக் கம்பெனி மூடிய பிறகும் இங்கே தயாராகிக்கொண்டிருந்தது. திண்டாட்டமெல்லாம் அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பூட்டித் தந்த ஆஸ்டின் ஏ40 மாதிரி வண்டிகளுக்குத்தான்.

ஸ்பேர் கிடைக்காதபோது லேத் பட்டறைக்குப் போய், "அண்ணே, இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று பழைய புஷ்ஷை நீட்டுவோம். விவரமான டர்னர் 'இதே மாதிரி' செய்யவே மாட்டார். உள்துளை ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதை அளந்து செய்தால் புது புஷ்ஷும் பிறக்கும்போதே கிழடு. அவர் ஷாஃப்டைக் கேட்பார். அதிலும் புஷ் உரசாத ஓரமாகப் பார்த்து மைக்ரோமீட்டர் வைப்பார். வெளி விட்டத்தை ஹவுசிங்கைவிடத் துளி பெரிதாக விடுவார். அழுத்தி ஏற்றினால்தானே நிற்கும்? ஏற்றியதும் உள்துளை சற்றுச் சுருங்கும். அதனால் கடைசி ரீமர் வேலை, பூட்டிய பிறகுதான்.

போல்ட்டில் வேறு வில்லங்கம். இரண்டு நூல், அதாவது கால் இஞ்சு போல்ட்டில் பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரையும் இஞ்சுக்கு 20, அமெரிக்க யு.என்.சி. மரையும் 20. ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. நட்டு ஏறிவிடும், பிடிமானம் முழுசாக இருக்காது. ஏறிவிட்டதே என்று திருப்திப்படுபவர்கள்தான் அதிகம்.

எனக்குப் பார்க்கப் பிடித்தது பேக்கிங் வெட்டுவது. எஞ்சின் மூடிமேல் பேக்கிங் தாளை விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்போரம் மெல்லத் தட்டிக்கொண்டே போவார்கள். மூடியின் விளிம்பே தாளை வெட்டிவிடும். ஓங்கி அடித்தால் அலுமினியம் நசுங்கும். முதலில் இரண்டு போல்ட் ஓட்டைகளைத் தட்டியெடுத்து, தாள் நகராதபடி அவற்றில் போல்ட்டைச் செருகிவிட்டுத்தான் மற்ற இடத்துக்கே போவார்கள்.

மறுபடி புஷ் விஷயத்துக்கு வந்தால், லேத்துக்குப் போகிறவர்கள் தேய்ந்த புஷ்ஷோடு ஷாஃப்டையும் ஹவுசிங்கையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.