பழைய கடைசற்பொறியும் புதிய மோட்டாரும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயல்வெளிகளோடு விரிந்து கிடப்பது படுவான்கரை. இவ்விரு கரைகளிலும் இன்று இயந்திரத்தின் துணையில்லாத தொழிலைக் காண்பது அரிது. தோணியிலே இயந்திரம், வயலிலே உழவு இயந்திரமும் நீரிறைக்கும் பம்பும், ஊருக்குள்ளே நெல் ஆலை. இவற்றுள் ஒன்றின் அச்சுத் தேய்ந்தாலும், ஒரு தண்டு முறிந்தாலும், அன்றே தொழில் நின்றுவிடும். அப்பொழுது மக்கள் தேடிச் செல்லுமிடம் லேத் பட்டறையாகும்.

லேத் என்று ஊரார் வழங்கும் இவ்வியந்திரத்துக்கு நூல்கள் இட்ட பெயர் கடைசற்பொறி. கட்டிற்காலையும் பம்பரத்தையும் கடைந்தெடுத்த பழைய கடைசற்பட்டறையின் வழித்தோன்றலே இது. அன்றைய கைவினைஞன் மரத்தைச் சுழலவிட்டு, உளியைத் தன் கையிலே பிடித்தான். 1800 ஆம் ஆண்டையொட்டி இலண்டன் மாநகரிலே ஹென்றி மோட்ஸ்லி என்னும் பொறிவல்லுநர், உளியைக் கையிலிருந்து விடுவித்து, இரும்புப் படுக்கையின் மீது நேர்கோட்டிலே நகரும் தாங்கியிற் பொருத்தினார். திருகுபுரி வெட்டும் பொறியைச் செம்மையுற அமைத்தார். அத்தகைய பொறிகள் பரவியபின், பொருளின் நேர்மை கையின் உறுதியை மட்டும் நம்பி நிற்கவில்லை; படுக்கையின் நேர்மையை நம்பி நின்றது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்தியவர்க்கே பழைய கடைசற்பொறியைப் புதுப்பிக்கும் தகுதி உண்டு.

மற்றைய இயந்திரங்கள் நெல்லைக் குற்றும், நீரை இறைக்கும், துணியை நெய்யும். கடைசற்பொறியோ அவ்வியந்திரங்களுக்கு வேண்டிய உறுப்புக்களைச் செய்து கொடுக்கும். 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, இறக்குமதி சுருங்கியபோது, இதன் அருமை தெளிவாக விளங்கிற்று. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஓர் உறுப்பு வராதபோது, அதனை உள்ளூரிலே கடைந்து கொடுக்க வல்ல பட்டறை இருந்தால் தொழில் நடக்கும்; இல்லாவிடில் தொழில் கிடக்கும்.

ஆயினும் வாவிக்கரையின் காற்று இரும்புக்குப் பகை. உப்பும் ஈரமும் கலந்து வீசும் அக்காற்றிலே, எண்ணெய் பூசாத இரும்பு விரைவிலே செந்நிறம் கொள்ளும். இவற்றோடு பெருங்கேடுகளும் வந்து சேர்ந்தன. 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி முதலிய கரையோர ஊர்களை அழித்தது. உப்புநீரில் மூழ்கியெழுந்த இயந்திரத்தைக் கண்டவர் பெரும்பாலும் அதன் கதை முடிந்ததென்றே எண்ணுவர். பழைய இரும்பு வாங்குவோருக்கு நிறைக்கு விற்றுவிடுவர். ஆனால், மேலே துரு மூடியிருப்பதால் உள்ளேயும் உயிர் போய்விட்டதென்று கொள்ளுதல் தவறாகும்.

சிறிய கடைசற்பொறி ஒன்று பட்டறையின் மூலையிலே பல்லாண்டு கிடந்ததென்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்திலே பீஸ்டன் என்னும் ஊரில் மைபோர்ட் நிறுவனத்தார் 1946 ஆம் ஆண்டில் வெளியிட்ட எம். எல். 7 என்னும் பொறி இத்தகைய சிறு பொறிகளுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அதனைப் புதுப்பிக்க முற்படுவோர் செய்யும் முதற் பிழை, உடனே மின்னைப் பாய்ச்சி ஓடவிட்டுப் பார்ப்பது. இறுகிக் கிடக்கும் சுழல்தண்டு எண்ணெயின்றிச் சுழலுமாயின், அதனைத் தாங்கும் பெயாரிங் ஒரு நொடியிலே கெட்டுவிடும். முதலிலே கப்பியைக் கையாற் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். சுழலவில்லையாயின் எண்ணெய் ஊற்றிப் பொறுத்திருத்தல் வேண்டும். ஒரு நாள் பொறுத்தால் விடுபடுவதை ஒரு சுத்தியலடி உடைத்துவிடும்.

இரண்டாவது பிழை இன்னும் கொடியது. துருவைப் போக்குவதாக எண்ணி, சுழலும் சாணைத் தட்டைக் கொண்டு படுக்கையைத் தேய்த்தல். பளபளப்பு வரும், நேர்மை போய்விடும். படுக்கையின் மேற்பரப்பு தொழிற்சாலையிலே நுட்பமாகச் சமன்செய்யப்பட்டது. கையாற் சாணை பிடித்த இடம் பள்ளமாகும். பள்ளத்திலே நகரும் உளி வளைந்த தண்டைத்தான் கடையும். ஆகவே, மண்ணெண்ணெயில் நனைத்த துணியும், மெல்லிய பித்தளைத் தகடும், பொறுமையுமே இங்குத் தகுந்த கருவிகள். பொறி உப்புநீரிலே மூழ்கியதாயின், முதலில் நன்னீராற் கழுவி, நன்றாக உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுதல் வேண்டும்.

கழற்றக்கூடிய சிறிய இரும்பு உறுப்புக்களின் துருவை மின்னாற் போக்கும் வழியும் உண்டு. சலவைச் சோடா கரைத்த நீரிலே துருப்பிடித்த உறுப்பை அமிழ்த்தி, மின்கல மின்னேற்றியின் எதிர்முனையை அதனோடு இணைக்க வேண்டும். நேர்முனையை, உறுப்பைத் தொடாமல் நிற்கும் ஒரு பழைய இரும்புத் தகட்டோடு இணைக்க வேண்டும். துரு இளகும், நல்ல இரும்பு தேயாது. அப்பொழுது எழும் வாயு தீப்பற்றக்கூடியதாகையால், இதனைக் காற்றோட்டமுள்ள வெளியிடத்திலே, நெருப்புக்கு எட்டச் செய்வதே முறை. முனைகளை மாற்றி இணைத்தால் உறுப்பே கரையத் தொடங்கும் என்பதையும் மறத்தலாகாது.

தூய்மை செய்தபின் அளத்தல் வேண்டும். நெடுநாள் உழைத்த பொறியின் படுக்கை, சுழல்தண்டை அடுத்த பகுதியிலேயே மிகுதியாகத் தேய்ந்திருக்கும்; பெரும்பாலான வேலை அங்கேயே நடப்பதுதான் காரணம். தேய்ந்த இடத்திலே ஆட்டமின்றி இறுக்கிய உளித்தாங்கி, தேயாத மறுகோடியிலே இறுகி நின்றுவிடும். ஆகவே முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்த்து, நடுவழியான ஓர் இறுக்கத்தைக் காணுதல் வேண்டும். சுழல்தண்டின் பெயாரிங்குக்கு இடையிலே மெல்லிய தகடுகள் வைக்கப்பட்டிருந்தால், அவற்றை ஒருசேர எடுத்தெறியாமல், ஒவ்வொன்றாய் நீக்கி ஆட்டத்தைச் சோதித்தல் வேண்டும்.

பொறி மீண்டும் ஓடத் தொடங்கியபின் அதன் நேர்மையை அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 25 அல்லது 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குத் தண்டை ஒரு முனையிலே மட்டும் பற்றி, 100 மில்லிமீற்றருக்குச் சற்று மிகையாக வெளியே நீட்டி நிறுத்த வேண்டும். உளியின் நிலையை மாற்றாமல், பற்றிய முனைக்கு அருகிலும் மறுமுனையிலும் மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். இரண்டிடத்தும் விட்டம் ஒன்றாக இருந்தால் பொறி நேராக நிற்கின்றது. வேறுபட்டால், படுக்கை முறுக்குண்டு நிற்கின்றதா என்று முதலிலே பார்த்தல் தகும். நிலம் சமமில்லாமையால் வந்த முறுக்கு, ஒரு காலின் கீழே மெல்லிய தகடு வைத்தாலே நீங்கிவிடும். மணற்பாங்கான எழுவான்கரை நிலத்திலே, உறுதியான கொங்கிறீட் அடித்தளமின்றி நிறுத்திய பொறியை அடிக்கடி இவ்வாறு சோதித்தல் நன்று.

இனி மோட்டார். பழைய மோட்டாரின் செப்புச் சுற்றிலே ஈரம் புகுந்திருந்தால், அதனை உலர்த்தி, மெகர் என்னும் கருவியாற் காப்பை அளந்து பார்க்கலாம். காப்பு அழிந்திருந்தால் புதிதாகச் சுற்றுவிக்க வேண்டும். அல்லது வேறு மோட்டார் பொருத்த வேண்டும். இங்கேதான் பலர் இடறுகின்றனர். கையிலே கிடைத்த மோட்டாருக்குப் பொறியை இசைவிக்கின்றனர். பொறிக்கு மோட்டாரை இசைவிப்பதில்லை.

இலங்கையின் வீட்டு மின்னோட்டம் 230 வோல்ட்டு. செக்கனுக்கு 50 அலைவுகளையுடையது. இதிலே ஓடும் நான்கு முனைத் தூண்டல் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1425 முறை சுழலும். இரு முனை மோட்டாரோ 2800 முறைக்கு மேலே சுழலும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெயர்த்தகட்டைப் படித்தாலன்றி வேறுபாடு தெரியாது. நான்கு முனை மோட்டாரிலே 50 மில்லிமீற்றர் கப்பியும், இடைத்தண்டிலே 200 மில்லிமீற்றர் கப்பியும் பூட்டினால், இடைத்தண்டு நிமிடத்துக்கு 356 முறை சுழலும். அதிலிருந்து படிக்கப்பியால் அவ்வேகத்தை இரட்டிக்கவோ பாதியாக்கவோ கூடும். மென்னுருக்கை நிமிடத்துக்கு 25 மீற்றர் வேகத்திலே வெட்டுவதானால், 25 மில்லிமீற்றர் தண்டு 318 முறையும், 100 மில்லிமீற்றர் தட்டு 80 முறையும் சுழல வேண்டும். மோட்டாரின் வேகம் இருமடங்கானால் இக்கணக்கு முழுவதும் குலையும்; உளி கருகும்; பழைய பெயாரிங் சூடேறும்; பற்றியிருக்கும் பொருள் பிடிவிட்டுப் பறக்கவுங் கூடும்.

வலிமையிலும் மிகை வேண்டா. சிறிய பொறிக்கு அரைக் குதிரைவலு, அதாவது ஏறத்தாழ 370 வாட்டு, போதுமானது. உளி சிக்கிக்கொண்டபோது சிறிய மோட்டார் திணறும், பட்டி வழுக்கும். அவ்வழுக்கலே பொறிக்குக் காவல். பெரிய மோட்டார் திணறாது. அது பற்சில்லின் பல்லை முறித்துவிடும்.

அண்மைக் காலத்திலே மூவவத்தை மோட்டாரை வீட்டு மின்னிலே ஓட்டவல்ல இன்வெர்ட்டர் என்னும் மின்னணுக் கருவி பரவியுள்ளது. வேகத்தை விரும்பியவாறு மாற்றுவதற்கு அது உதவும். பெயர்த்தகட்டிலே 230, 400 என இரு வோல்ட்டளவு குறித்த மோட்டாரை, அத்தகைய கருவிக்கு ஏற்ப, முக்கோண முறையிலே இணைத்தல் வேண்டும். ஆயினும் வேகத்தை மிகவும் குறைத்தால் மோட்டாரின் வலு குன்றும், அதன் விசிறியும் தளரும், சூடு மிகும். ஆதலால், பழைய பற்சில்லுத் தொகுதியைத் தேவையில்லையென்று கழற்றி எறிதல் அறிவுடைமையன்று. பற்றி திருகுபுரியாற் பூட்டிய பொறியிலே, திடீரென மறுபுறம் சுழற்றினால் அது கழன்று விழும் என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

யாவற்றிலும் முதன்மையானது உயிர்க்காப்பு. மண் ஈரமுள்ள வாவிக்கரையிலே, வெறுங்காலோடு வேலை செய்வோர் பலர். மோட்டாரின் உடலும் பொறியின் உடலும் புவிக்கம்பியோடு உறுதியாக இணைந்திருத்தல் வேண்டும். மின் கசிந்தவுடன் இணைப்பை அறுக்கும் ட்ரிப் சுவிச் இருத்தல் வேண்டும். மற்றொன்றும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின் நின்றபோது சுவிச்சை மூடாமல் விட்டுச் சென்ற பொறி, மின் வந்தவுடன் தானே சுழலத் தொடங்கும்; அப்பொழுது அதனைத் துடைத்துக்கொண்டிருப்பவரின் கை அகப்படும். மின் நின்றால் தானே விடுபட்டு, மீண்டும் அழுத்தினாலன்றி ஓடவிடாத சுவிச் கிடைக்கின்றது. அதற்குச் செலவிடும் பணம் ஒரு விரலின் விலையல்ல. இணைப்புக்களைத் தகுதி பெற்ற மின்வேலையாளர் செய்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இழந்ததை அளவாலும் கணக்காலும் மீட்டெடுக்கும் மரபு இம்மண்ணுக்குப் புதியதன்று. 1892 ஆம் ஆண்டிலே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்று, 1916 ஆம் ஆண்டில் டிப்ளோமாப் பட்டம் பெற்றவர். வழக்கொழிந்துபோன யாழின் இயல்பை, பழந்தமிழ் நூற்சான்றுகளோடு கணிதமும் ஒலியியலும் துணையாக ஆராய்ந்து, 1947 ஆம் ஆண்டிலே யாழ் நூலாக வெளியிட்டார். யாழ் எங்கே, இரும்புப் பொறி எங்கே என்று வினவலாம். பொருள் வேறாயினும் முறை ஒன்றே. ஊகத்தை அளவு திருத்த வேண்டும். அவசரத்தைக் கணக்கு அடக்க வேண்டும்.

பொறியை மீட்டால் மட்டும் போதாது. அதனைக் கையாளும் கல்வியையும் மீட்க வேண்டும். மட்டக்களப்பிலே கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தி, இளைஞருக்குத் தொழிற்கல்வி ஊட்டிய யூஜின் ஹீபேட் அடிகளார், 1990 ஆகஸ்டு 15 ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார், வந்து சேரவில்லை. உடன் சென்ற இளைஞரும் திரும்பவில்லை. இயந்திரம் துருப்பிடித்தால் துடைத்தெடுக்கலாம். ஆசிரியனோடு மறையும் அறிவை, அவன் முன்னரே மாணாக்கர் கையிலே ஒப்படைத்திருந்தாலன்றி, எந்த எண்ணெயாலும் மீட்க இயலாது.

ஆகவே, பழைய கடைசற்பொறியைப் புதுப்பிக்கும் பட்டறையாளர் அவ்வேலையைத் தனியே செய்து முடித்தல் சிறப்பன்று. ஊரிலே உள்ள ஓர் இளைஞனைப் பக்கத்திலே நிறுத்தி, ஒவ்வோர் உறுப்பையும் கழற்றும்போது அதன் பெயரையும் பயனையும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். பெயர்த்தகட்டை அவனே படிக்கட்டும். கப்பிக் கணக்கை அவனே போடட்டும். இரண்டு முனையின் விட்டத்தையும் அவனே அளந்து சொல்லட்டும். அவ்விரண்டு அளவும் ஒத்து வரும் நாளிலே, வாவிக்கரையில் ஒரு பொறி மட்டுமன்று, அதனைக் காக்கவல்ல ஒரு தொழிலாளியும் உருவாகியிருப்பான்.