வானில் ஒன்றேகால் மணி

(மதுரை மாவட்டத்தில் ஊராட்சிப் பிரமுகர்களும் மலர் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மல்லிகைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் அண்மையில் என்னை வினவினார்: “ஐயா, மதுரை விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் தூரம் எவ்வளவு? பூ எத்தனை நேரத்தில் போய்ச் சேரும்?” எளிய கேள்வி என்றெண்ணி விடை கூறத் தொடங்கினேன், கூறி முடிப்பதற்குள் அஃது அத்துணை எளிதன்று என்பது எனக்கே விளங்கிற்று.

நேர்கோட்டில் அளந்தால் இவ்விரு நிலையங்களுக்கும் இடையே சுமார் 420 கிலோ மீட்டர். சாலை வழியே ஏறத்தாழ 460 கிலோ மீட்டர். ஜெட் விமானம் உயரே சென்றபின் மணிக்கு 800 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்க வல்லது. அவ்வாறாயின் அரைமணியில் சென்னை சேர வேண்டுமன்றோ? கால அட்டவணையிலோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி என்று கண்டிருக்கும்.

அட்டவணை நேரமானது, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும்போது தொடங்கி, மறுமுனையில் வந்து நிற்கும்போது முடிகிறது. ஓடுபாதைக்கு உருண்டு செல்வதும், மேலேறுவதும், வேகம் தணித்து இறங்குவதும், ஓடுபாதை காலியாகும்வரை சில வேளை வானில் வட்டமிடுவதும் அதிலேயே அடங்கும். முழு வேகத்தில் செல்வது இடையில் சிறிது நேரமே. நமது பேருந்து கடைத்தெருவைக் கடந்து நெடுஞ்சாலையை அடையப் படும் பாட்டைத் தாங்கள் அறிவீர்கள்!

இனிப் பூவின் கதைக்கு வருவோம். மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீட்டைக் கண்டு மொட்டு காத்திருப்பதில்லை. விடியுமுன் பறித்த மொட்டு அன்று மாலையே விரியத் தொடங்கிவிடும். நான் போட்ட கணக்கைக் கேளுங்கள். பறித்த பூவை ஊரில் திரட்டி, நிறுத்து, பெட்டியில் அடைக்க இரண்டு மணி. விமான நிலையம் சேர ஒரு மணி. சரக்கை ஒப்படைத்துச் சோதனை முடிந்து ஏற்றுவதற்கு மூன்று மணி. வானில் ஒன்றேகால் மணி. மீனம்பாக்கத்தில் இறக்கிக் கோயம்பேடு கொண்டு செல்ல இரண்டு மணி. ஆக, ஒன்பதேகால் மணி! இதில் விமானத்தின் பங்கு எவ்வளவு?

விமானத்தின் வேகத்தைக் கூட்ட நம்மால் ஆகாது. ஊரில் கழியும் அந்த இரண்டு மணியை அரைமணியாக்க நம்மால் ஆகும். அதனால் மிஞ்சுவது ஒன்றரை மணி. விமானம் பறக்கும் நேரத்தைவிட அதிகம். வேண்டுவன ஒரு நிழற்கொட்டகை, ஒரு தராசு, வண்டி வந்து நிற்க நல்ல பாதை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சிற்றூரின் தரைப்பாலத்தின்மேல் வெள்ளம் ஏறியது. பூ வண்டி சுற்றுவழியில் சென்றது, விமானம் தவறியது. மாலையில் விரிந்த பூவை உள்ளூரில் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள்.

எல்லாரும் விமானத்தில் அனுப்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கோடையில் பூ குவிந்து விலை சரியும்போது விமானக் கட்டணம் உழவனையே விழுங்கிவிடும். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை ஏறும்போதுதான் அது கட்டுப்படியாகும்.

அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. தங்கள் ஊரில் கூடை எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறதென்று ஒரு வாரம் குறித்து எடுத்து வாருங்கள். தரைப்பாலத்தையும் கொட்டகையையும் பற்றி அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம்.