நோயாளிக்குத் தனிச் சமையல் வேண்டுமா?

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் சுகாதாரப் பணியாளர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"வீட்டிலே கணவருக்கு இனிப்பு நீர், மாமியாருக்கு இரத்தக் கொதிப்பு, பிள்ளைகளோ வளரும் வயதினர். கிடைக்கும் சம்பளத்தில் எத்தனை விதமாகச் சமைப்பது?" தோட்டப்புறங்களுக்குச் செல்லும்போதெல்லாம் குடும்பத் தலைவியர் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியுமாகும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. எனினும், ஐந்தாறு பேர் உண்ணும் வீட்டில், நோயாளிக்கென்று தனி மாவு, தனிப் பால்தூள், தனி ரொட்டி என வாங்கத் தொடங்கினால் அச்சம்பளம் மாத நடுவிலேயே கரைந்துபோகும்.

இக்கேள்விக்கு என் விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் தனிச் சமையல் தேவையில்லை. இனிப்பு நீர் உள்ளவருக்கும், இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கும் ஏற்ற உணவே பிள்ளைகள் உட்பட வீட்டிலுள்ள அனைவருக்கும் ஏற்ற உணவாகும். அடுப்பு ஒன்று, குழம்பும் ஒன்று. தட்டில் இடும் அளவு மட்டுமே ஆளுக்கு ஆள் மாற வேண்டும். இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. அதனைப் பின்னர் கூறுவேன்.

நம்மிடையே நோயின் நிலை

2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அத்தொகை நூற்றுக்கு முப்பத்தொன்று. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். நோயுற்றோரில் கிட்டத்தட்ட பாதிப்பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர் என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் காணப்பட்டது. அதுவும் ஆறு பேரில் ஒருவருக்கு நோய் என்னும் நிலைதான்.

நம் பாட்டன் பாட்டியர் விடியலுக்கு முன்னரே பெரட்டுக்குச் சென்று, மேடும் பள்ளமுமான நிரைகளில் பல கல் தொலைவு நடந்து பால் மரம் சீவினர். அவர்கள் உண்ட சோறு உழைப்பிலேயே எரிந்தது. இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றுவிட்டோம். தோட்டத்தில் இருப்போரும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்கின்றனர். உழைப்பு குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை, அத்துடன் இனிப்புப் பானங்களும் வந்து சேர்ந்தன.

நீரிழிவைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் என்ன நேரும்? கண் பார்வை மங்கும், பாதத்துப் புண் ஆறாது, சிறுநீரகம் பழுதடையும். நம் நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகம் இழந்தவர்கள். வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவர் வேலைக்குச் செல்வது எங்ஙனம்? உடன் செல்லும் மனைவியோ மகனோ வேலைக்குச் செல்வதுதான் எங்ஙனம்? ஆகவே, உணவில் கவனம் என்பது குடும்ப வருமானத்தைக் காக்கும் வேலையுமாகும்.

முதற் சேமிப்பு: பானத்தில் இருக்கும் சீனி

செலவைக் கூட்டாமல் உணவைத் திருத்த வேண்டுமெனில், முதலில் கை வைக்க வேண்டிய இடம் தேநீர்க் குவளையே. இனிப்பூட்டிய டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். ஒரு குவளைத் தேநீரில் இரண்டு மேசைக்கரண்டி டின் பால் ஊற்றினால் சுமார் 20 கிராம் சீனி சேர்கிறது. இது நான்கு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். நாளொன்றுக்கு மூன்று குவளை குடிப்பவர் மாதத்திற்கு 1,800 கிராம் சீனியைத் தேநீர் வழியாக மட்டுமே உட்கொள்கிறார்!

காசுக் கணக்கும் பாருங்கள். கோப்பிக் கடையில் ஒரு குவளை இரண்டு வெள்ளி என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒன்று வீதம் மாதத்திற்கு அறுபது வெள்ளி. இந்த அறுபது வெள்ளியில் பிள்ளைகளுக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்பதைக் குடும்பத் தலைவியர் நன்கறிவர். 2022ஆம் ஆண்டு ஆய்வில், நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பது தெரியவந்தது. தந்தையின் குவளையில் குறையும் சீனி பிள்ளையின் தட்டில் முட்டையாக மாறினால் இருவருமே பயனடைவர்.

சீனியை ஒரே நாளில் நிறுத்த இயலாதவர்கள் வாரத்திற்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வரலாம். நாக்கு விரைவில் பழகிவிடும். வேலைக்காட்டுக்குக் கொண்டுசெல்லும் போத்தலில் சாயநீரும் சர்பத்தும் வேண்டா. வெறும் தண்ணீரே சிறந்தது. தேன், பனைவெல்லம், பழுப்புச் சீனி ஆகியனவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவையே. "வெல்லம் நல்லதுதானே" என்று எண்ணி ஏமாற வேண்டா.

தட்டை நான்காகப் பிரியுங்கள்

சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" என்னும் எளிய முறையைப் பரப்பி வருகிறது. கால், கால், அரை என்பது அதன் பொருள். தட்டில் ஒரு கால் பங்கு சோறு அல்லது மாவுணவு. ஒரு கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு போன்ற புரத உணவு. எஞ்சிய அரைப் பங்கு காய்கறியும் பழமும். நிறுவைக் கருவியோ புத்தகமோ தேவையில்லை, கண்ணளவே போதும்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. "சோற்றை விட்டுவிட்டேன், இரவில் ஐந்து சப்பாத்தி உண்கிறேன்" என்போர் உளர். சப்பாத்தி, தோசை, மீகூன், மரவள்ளிக்கிழங்கு, கேழ்வரகுக் கூழ் யாவும் மாவுணவே. கேழ்வரகு நல்ல தானியந்தான். ஆயினும் இரண்டு பெரிய குவளைக் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறவே செய்யும். பழுப்பரிசி நல்லது, விலை கட்டுப்படியாகாதவர்கள் வழக்கமான அரிசியையே அளவோடு உண்ணலாம். நம் முன்னோர் விரும்பிய புழுங்கல் அரிசியும் பச்சரிசியைவிட மேலானதே. பழத்தையும் முழுதாக, அளவாக உண்ண வேண்டும். சாறு பிழிந்தால் நார் போய்ச் சீனி மிஞ்சும்.

செம்பனைக் குலை வெட்டும் இளைஞருக்கும், வீட்டில் ஓய்வாக இருக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு சோறு பொருந்தாது. கடும் உழைப்பாளிக்கு ஓர் அகப்பை கூடுதலாக இடலாம். குழம்பு ஒன்றே, அகப்பைக் கணக்குத்தான் வேறு.

மலிவில் கிடைக்கும் வலிமை

புரத உணவு என்றவுடன் இறைச்சியும் விலையுயர்ந்த மீனும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பருப்பில் நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேல் புரதம் உண்டு. தெம்பேயிலும் ஏறக்குறைய அதே அளவு உண்டு. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் கிடைக்கிறது. கெம்போங் மீன் பெரிய மீன்களுக்குச் சத்தில் இளைத்ததன்று. இதயத்திற்கு நலம் தரும் கொழுப்பும் அதில் உள்ளது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன், மற்ற நாள்களில் முட்டை, பருப்பு, தெம்பே, தாவு என்று சுழற்சி முறையில் சமைத்தால் செலவும் அடங்கும், சத்தும் குறையாது. சாம்பாரில் பருப்பைத் தாராளமாக இடுங்கள். தண்ணீராக ஓடும் சாம்பார் சோற்றை அதிகமாக இழுக்கும். பருப்பும் காயும் நிறைந்த சாம்பார் வயிற்றை நிறைக்கும்.

காய்கறிக்குச் சந்தையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. லயத்து வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை நின்றால் ஆண்டு முழுவதும் கீரை கிடைக்கும். விதைத்த ஒரு மாதத்திற்குள் தண்டுக்கீரை பறிக்கத் தயாராகிவிடும். அடுக்குமாடியில் வாழ்வோர் பழைய வாளியிலும் அதனை வளர்க்கலாம். கங்கோங், வெண்டை, கத்தரி, பாகல் ஆகியன நம் மண்ணில் எளிதில் வளர்பவை. பாகற்காயைக் கறியாக உண்பது நன்று. ஆனால் அதன் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது பெருந்தீங்காகும்.

உப்பும் எண்ணெயும்

உலகச் சுகாதார நிறுவனம் கூறும் உப்பின் அளவு, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். குழம்பில் இடும் உப்பை மட்டும் எண்ணினால் போதாது. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், கிச்சாப், டின் சார்டின் எல்லாவற்றிலும் உப்பு மறைந்துள்ளது. பொட்டல மீயின் தூள் ஒன்றிலேயே ஒரு நாளுக்குரிய உப்பில் பாதியோ அதற்கு மேலோ இருக்கக்கூடும். அத்தூளில் பாதியை எறிந்துவிட்டு, முட்டையும் கீரையும் சேர்த்துச் சமைத்தால் தீங்கு குறையும். நெத்திலியைத் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். உப்பைக் குறைத்த குழம்பிற்குப் புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை சுவையூட்டும். நம் அஞ்சறைப் பெட்டி இவ்வகையில் நமக்குக் கிடைத்த செல்வமாகும்.

எண்ணெயைக் குடத்தைச் சாய்ப்பதுபோல் ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 45 கலோரி உண்டு. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்ச வேண்டா. கெட்டித் தேங்காய்ப்பால் கறியைப் பெருநாள்களுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாள்களில் புளிக்குழம்பும் ரசமும் வைக்கலாம்.

ஒரு நாள் உணவு

எடுத்துக்காட்டாக ஒரு நாளைக் காண்போம். காலையில் பசியாற இரண்டு தோசை, கெட்டிச் சாம்பார், சீனியில்லாத் தேநீர். நண்பகலில் கால் தட்டுச் சோறு, கெம்போங் மீன் புளிக்குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், தவுகே. மாலையில் ஒரு சிறு வாழைப்பழம். இரவில் அளவான சோறு அல்லது சப்பாத்தி, தெம்பே பிரட்டல், வெள்ளரிக்காய், ரசம். பிள்ளைகளுக்கு இதே உணவுடன் ஒரு முட்டையும் பாலும். இப்பட்டியலில் தனிக்கடையில் வாங்க வேண்டியது ஏதேனும் உண்டா? "நீரிழிவு பிஸ்கட்" என்று எழுதிய பெட்டியிலும் மாவும் கொழுப்பும் இருக்கவே செய்கின்றன, விலைதான் கூடுதல்.

சம்பள நாளன்று அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவற்றுக்குரிய தொகையை முதலில் ஒதுக்குங்கள். வாரச் சந்தைக்குரிய மீன், காய்கறிக் காசை நான்காகப் பிரித்து வையுங்கள். பட்டியல் எழுதிச் செல்பவர் தேவையற்றதை வாங்குவது குறைவு.

கவனம் தேவைப்படும் இடங்கள்

நீரிழிவு மாத்திரை உண்போரோ ஊசி போடுவோரோ விடியலில் வெறும் வயிற்றுடன் வேலைக்குச் செல்லலாகாது. வெள்ளிக்கிழமை விரதமோ வேறு நோன்போ இருப்பவர் மருத்துவரிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். திடீரென வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் தோன்றினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். நினைவோடு இருப்பவருக்கு உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்தபின் உணவு கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நான் தொடக்கத்தில் கூறிய விலக்கு சிறுநீரக நோயாளரைப் பற்றியது. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு மேற்கூறிய பொதுவிதி முழுமையாகப் பொருந்தாது. அவர்களுள் சிலருக்குக் கீரை, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியமே ஆபத்தாகலாம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும் அவர்களுக்கு ஆகாது. நம் வீட்டுப் பக்கம் காய்க்கும் பிளிம்பிங் என்னும் நட்சத்திரப் பழம் அவர்களின் மூளையைத் தாக்கி உயிருக்கே தீங்கு விளைவிக்கும். எனவே, அவர்கள் இரத்தப் பரிசோதனை முடிவின்படி உணவியலாளர் வகுத்துத் தரும் உணவையே உண்ண வேண்டும். அவ்வீட்டில் மட்டும் ஒரு சிறு பாத்திரம் தனியாக அடுப்பேறத்தான் வேண்டும்.

அரசாங்கச் சுகாதார நிலையங்களில் குடிமக்கள் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் கண்டு மருந்தும் பெறலாம். நோய் இல்லை என்று எண்ணுவோரும், குறிப்பாக முப்பது வயதைக் கடந்தவர்கள், இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே, கணவருக்கு மட்டும் சுவையற்ற கஞ்சியைத் தனியாக வைத்துவிட்டு மற்றவர் விருந்துண்டால், அவர் மறைவாகக் கோப்பிக் கடைக்குச் செல்லவே செய்வார். அனைவரும் ஒரே உணவை ஒன்றாக அமர்ந்து உண்ணும் வீட்டில் நோயாளிக்கு மனச்சோர்வு இல்லை. பிள்ளைகளுக்கும் நல்ல பழக்கம் சிறு வயதிலேயே படிகிறது. நாளைக் காலைத் தேநீரில் அரைக் கரண்டிச் சீனியைக் குறைத்து, இப்பணியைத் தொடங்குவோமாக.