மிஞ்சிய நூலில் ஒரு முழு ஸ்வெட்டர்

(பங்கு மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அக்கினித் தலம் என்று பெயர் பெற்ற திருவண்ணாமலையில் கம்பளிச் சட்டை எதற்கு என்று சிலர் கேட்கலாம். சித்திரை வெயிலை மட்டும் நினைத்தால் அக்கேள்வி நியாயமே. ஆனால் கார்த்திகையும் மார்கழியும் நமக்கு உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரத்தில், பனியில் முடங்கிப் படுத்திருக்கும் முதியவர்களை நாம் அறிவோம். நமது மாவட்டத்தைச் சேர்ந்த ஜவ்வாது மலையிலே, ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், மார்கழி விடியலின் குளிர் எப்படிப்பட்டது என்பதை அங்கே சென்று வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

பின்னத் தெரிந்தவர்கள் வீட்டில் மிஞ்சிய நூல் உருண்டைகள் பெட்டியின் அடியில் கிடக்கும். ஒன்று எலுமிச்சை அளவு, இன்னொன்று தேங்காய் அளவு. தனித்தனியே எதற்கும் போதாது. ஆனால் 250 முதல் 300 கிராம் வரை சேர்ந்தால், ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் ஒன்று ஆகிவிடும்.

மிஞ்சியதைக் கொடுப்பது வேறு. மிஞ்சியதை உழைத்து முழுமையாக்கிக் கொடுப்பது வேறு. ஒட்டுப்போட்டதுபோல் கோணலாக ஒன்றைப் பின்னி, 'ஏழைக்கு இது போதும்' என்று நீட்டினால், போர்த்துக்கொள்ளும் பிள்ளைக்குக் குளிர் போகும்; கூச்சம் போகாது. ஆகவே சில முறைகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நூலை நிறம் பார்த்துப் பிரிக்காமல் பருமன் பார்த்துப் பிரியுங்கள். மெல்லிய நூலானால் இரண்டு இழையாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டுக் கம்பளியையும் அக்ரிலிக் நூலையும் கலக்க வேண்டாம். வெந்நீரில் அலசினால் கம்பளி சுருங்கும், அக்ரிலிக் அப்படிச் சுருங்காது. சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, நிறையக் கிடைக்கும் ஒரு நிறத்தைக் கழுத்துக்கும், ஓரப் பட்டைக்கும், பொத்தான் பட்டைக்கும் ஒதுக்குங்கள். அந்த ஒரு நிறம் மற்ற நிறங்களையெல்லாம் கட்டி நிறுத்தும். நடுவில் இரண்டிரண்டு வரிசையாக எந்த நிறம் வந்தாலும் அழகே. ஓரப் பட்டைக்கு 10-ஆம் நம்பர் ஊசி, உடலுக்கு 8-ஆம் நம்பர் ஊசி என்பது நடுத்தரப் பருமனுள்ள நூலுக்குப் பொருந்தும். நம்பர் கூடக்கூட ஊசி மெல்லியதாகும் என்பதைப் புதிதாகப் பழகுகிறவர்கள் நினைவில் கொள்க.

மூன்றாவது, தொடங்குமுன்பே ஒவ்வொரு நிறத்தையும் நிறுத்து, இரண்டு கைகளுக்கும் சமமாக எடுத்து வையுங்கள். இல்லையேல் ஒரு கை சிவப்பாகவும் மறு கை பச்சையாகவும் முடியும். நூல் மாற்றுவதை ஓரத்திலே செய்து, நான்கு விரற்கடை நுனி விட்டு, அதை உட்புறம் கோத்துவிடுங்கள்.

நான்காவது, கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுங்கள். பிள்ளை வளர்ந்தால் அடிப்பட்டையைப் பிரித்து இன்னும் நான்கு அங்குலம் சேர்க்கலாம்.

இவையெல்லாம் புதுமையல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், பிரிட்டனில் துணிக்கும் கம்பளி நூலுக்கும் பங்கீடு வந்தது. தாய்மார்கள் பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்துப் பல நிறக் கோடுகளோடு புதியன பின்னினார்கள். நம் தமிழகத்திலும், 2016-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று, சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' என்ற குழுவினர் தனித்தனியே பின்னிய சதுரங்களை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையாக்கி கின்னஸ் சாதனை படைத்தார்கள். பின்னர் அதைப் பிரித்துத் தேவைப்பட்டோருக்கு வழங்கினார்கள். சிறு துளி பெருவெள்ளம் அல்லவா!

கடையிலே மலிவாகக் கிடைக்கும்போது பல வாரம் உட்கார்ந்து பின்னுவானேன் என்ற கேள்வியும் எழும். நூறு பிள்ளைகளுக்கு உடனே வேண்டுமென்றால் கடையில் வாங்கிக் கொடுங்கள், அதுவே சரி. ஆனால் பின்னுகிறவர் அளவெடுக்க வேண்டும். அளவெடுக்க அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போக வேண்டும். பெயர் என்ன, எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்க வேண்டும். மூட்டை கட்டி அனுப்பும் தருமத்தில் இந்தச் சந்திப்பு இல்லை.

யோப்பா நகரத்துத் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டே இராயப்பரிடம் காட்டியது அவள் செய்து தந்த ஆடைகளைத்தான் என்று திருத்தூதர் பணி நூல் கூறுகிறது. அவளுடைய செல்வம் எவ்வளவு என்று யாரும் அங்கே கணக்குச் சொல்லவில்லை.

ஆகவே, அன்புச் சகோதரிகளே, இன்றைக்கே அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தனியாகப் போதாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவின் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகிற மார்கழிக்குள் ஆளுக்கொன்று முடிப்போம். நம் கையாலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுவோம்.