சேப்பாக்கம் வாசல்ல இருக்கிற பேர்

சி.எஸ்.கே. மேட்சுக்கு சேப்பாக்கம் போயிருப்பீங்க. ஸ்டேடியத்துக்கு எம்.ஏ.சிதம்பரம்னு பேர் இருக்கே, யார் அவர்? "ஃபைனான்ஸ் மினிஸ்டரா இருந்தாரே, அவரா?"ன்னு கேப்பாங்க. இல்லங்க, அது ப.சிதம்பரம். இவர் அவருக்குத் தாய்மாமா! ரெண்டு பேருமே செட்டிநாட்டுக் குடும்பம்தான்.

கானாடுகாத்தான் அரண்மனையைக் கட்டின ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரோட மகன் இவர். 1918-ல பிறந்தவர். இந்தியாவுக்காக ஒரு மேட்ச்கூட ஆடினதில்ல. கனடாவோட ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல இந்த மாதிரி ஆளுங்களுக்கு 'பில்டர்'னு தனிப் பிரிவே இருக்கு. நாம பேரை வாசல்ல எழுதிட்டு மறந்துடுறோம்.

1956-லேர்ந்து பத்து வருஷம் மெட்ராஸ் டெஸ்ட் எல்லாம் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துலதான். அந்த நேரத்துல, 1960-லேர்ந்து 63 வரைக்கும், இவர் பி.சி.சி.ஐ. தலைவர். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கும் ரொம்ப காலம் தலைவர். 1967 ஜனவரியில வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட்டோட ஆட்டம் சேப்பாக்கத்துக்கே திரும்புச்சு. அப்புறம்தான் பெரிய கான்கிரீட் கேலரி எல்லாம். 1986-ல ஆஸ்திரேலியாவோட ஆடி டை ஆன டெஸ்ட்டும் இங்கதான்.

எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. ஜூனியர் பசங்களுக்கு பி.சி.சி.ஐ. குடுக்கிற டிராஃபியும் இவர் பேர்லதான் இருக்கு.