ஆள் பிடிப்பவன் யார்?

(சிதம்பரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



நேற்று கடலூரில் இதே விஷயத்தைப்பற்றிப் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கியதும் ஒரு பெரியவர் நம் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, பிள்ளை பிடிக்கிறவன் என்றால் கோணிப்பையோடு வருவான் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம், நீங்கள் மேஸ்திரி என்கிறீர்கள், சொந்தக்காரன் என்கிறீர்கள், ஒன்றும் விளங்கவில்லையே" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆதலால் இன்று அதற்கே பதில் சொல்லலாமென்று வந்திருக்கிறோம். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. கண்டதையும் கேட்டதையும், சட்டப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததையும் வைத்துச் சொல்லுகிறோம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

முதலாவது, இந்தக் கோணிப்பைக்காரனை ஒழித்துவிடுவோம். அவன் ஊரார் கட்டிய பேய்க்கதை. பேய்க்கதையால் நஷ்டமில்லை என்று நினைக்காதீர்கள். 2018-ம் வருஷம் மே மாதத்தில், திருவண்ணாமலை ஜில்லா போளூர்ப் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாள் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். "பிள்ளை பிடிக்க வந்தவள்" என்று ஜனங்கள் கூடி அடித்தே கொன்றுவிட்டார்கள். கைப்பேசியில் யாரோ அனுப்பிய வதந்திதான் ஆதாரம். மிட்டாய் கொடுத்த கிழவி செத்தாள். ஆனால் அதே காலத்தில் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாய் ஏற்றிக்கொண்டு போன லாரியை எந்த ஊராராவது நிறுத்தினார்களா என்று கேட்கிறோம்.

உண்மையில் ஆள் பிடிப்பவன் அந்நியனாக வரமாட்டான். அந்நியனை யார் நம்புவார்கள்? அவன் மாமன் என்பான், மச்சான் என்பான், பக்கத்துத் தெருக்காரன் என்பான். ஆணாகத்தான் வருவான் என்பதுமில்லை. "அக்கா" என்று வருகிறவர்களும் உண்டு. வருகிற காலத்தையும் கவனியுங்கள். அடை மழையில் வேலையில்லாமல் அடுப்பு எரியாத நாள் பார்த்து வருவான். பிள்ளைக்குக் காய்ச்சல், பெண் சடங்கு, சாவு என்று செலவு வந்த நாள் பார்த்து வருவான். கையில் பணத்தோடு வருவான். அந்த நேரத்தில் அவன்தான் கண்கண்ட கடவுளாய்த் தோன்றுவான். (கடவுள்கள் எல்லாமே இப்படி இல்லாத நேரம் பார்த்துத்தான் தோன்றுகின்றன; அது வேறு விஷயம்.)

இந்தக் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைச் சீமைகளில் இருளர் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நமது கிள்ளைப் பக்கத்தில் உப்பங்கழியில் இறங்கிக் கையால் இறால் பிடித்து வாழ்கிறார்களே, அந்த ஜனங்களுடைய இனத்தார்தான். செங்கல் சூளைக்கும், கரும்பு வெட்டுக்கும், மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுவதற்கும் இவர்களை முன்பணம் கொடுத்து அழைத்துப் போவது வெகு நாளைய வழக்கம். புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கல் அறுப்பார்கள். கணக்கு மட்டும் ஒரு பெயரில் இருக்கும். கணக்கு நோட்டு யார் கையில்? சூளைக்காரன் கையில். வாரத்துக்கொரு முறை சோற்றுக்கு ஏதோ கொடுப்பான்; மீதியைக் கடனில் கழிப்பதாகச் சொல்லுவான். மழை பெய்து கல் கரைந்தால் அந்த நஷ்டம் கூலிக்காரன் தலையில் ஏறும். பருவம் முடியும்போது பார்த்தால் கடன் குறையவில்லை, வளர்ந்திருக்கிறது! அடுத்த வருஷமும் அங்கேயே வரவேண்டும். தகப்பன் செத்தால் மகன் வரவேண்டும்.

இதற்குப் பெயர் வேலையா, தோழர்களே? பெற்ற தாய் செத்த சேதி வந்தாலும், பெண்சாதியையும் பிள்ளையையும் பிணையாய் விட்டுவிட்டுத்தான் போகலாம் என்று சொல்லுகிற இடத்துக்கு என்ன பெயர்?

நீங்கள் சிதம்பரத்துக்காரர்கள். நந்தன் கதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பண்ணையார் வேதியரிடம் உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிற கட்டம் வந்தால் கேட்பவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். அந்த வேதியர் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் கிடையாது. 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் தமது சரித்திரக் கீர்த்தனையில் அவரைச் சேர்த்தார். பாரதியார் தம் காலத்துத் தஞ்சாவூர்ப் பண்ணைகளைக் கண்ணால் கண்டவர். ஆதலால்தான் அந்தக் கட்டம் அவ்வளவு மெய்யாயிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். கீர்த்தனையில் வரும் நந்தனுக்காக அழுகிறவர்கள், உத்தரவில்லாமல் சூளை வாசலைத் தாண்ட முடியாத இன்றைய நந்தனுக்காக ஒரு மனு எழுதிக் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே, அந்தக் கண்ணீருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இந்தத் தந்திரம் புதிதுமல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஜனங்களைக் கொண்டுபோன கங்காணி யார்? வெள்ளைக்காரனா? இல்லை. அதே தோட்டத்தில் வேலை செய்த தமிழன். சொந்த ஊருக்கே திரும்பி வந்து, சொந்த ஜாதியிலேயே, சொந்தக்காரரிலேயே ஆள் சேர்த்தான். வழிச் செலவும் முன்பணமும் கடனாய் எழுதப்பட்டன. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் அந்தக் கடனைக் குறித்த "துண்டு" என்ற சீட்டு வேண்டும். கடனோடு ஆளும் கைமாறும். 1921-ல் அந்தத் துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். சீட்டு ஒழிந்தது, தந்திரம் கடல் தாண்டி வீட்டுக்கே வந்துவிட்டது.

பெண்பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். கோயமுத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று நடந்தது. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால், கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு என்றார்கள். இடையில் வந்துவிட்டால் அந்தத் தொகை கிடைக்காமற் போன பெண்கள் அநேகர். இந்தத் திட்டத்துக்குத் தாலியின் பெயரை வைத்தானே, அங்கேதான் அவன் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. வரதட்சணை என்னும் பேயை நாம் வீட்டுக்குள் வளர்க்காவிட்டால் தரகனுக்கு நம் வாசலில் என்ன வேலை?

இதைவிடக் கொடியதும் நம் ஜில்லாவிலேயே நடந்தது. 2014-ல் திட்டக்குடியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இரண்டு சிறுமிகளை விபசாரத்தில் தள்ளினார்கள். 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் கோர்ட்டு 16 பேரைத் தண்டித்தது. அதில் பெண்களும் இருந்தார்கள். ஒரு மத போதகரும் இருந்தார். கோணிப்பையோடு வந்தவர் ஒருவருமில்லை. அந்தக் குழந்தைகளைப்பற்றி மேலே ஒன்றும் சொல்லமாட்டோம், நீங்களும் விசாரிக்காதீர்கள். ஊர் வாயில் விழுவோமே என்ற பயந்தான் இம்மாதிரிக் குழந்தைகளின் வாயை அடைக்கிறது. "மானம் போய்விடும்" என்று மகளை அதட்டுகிற தகப்பன், தன்னை அறியாமலே தரகனுக்குக் கூலியில்லாத காவல்காரனாகிறான்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். பெற்றவர்களே ஐந்து வயதில் அவரை ஒரு தாசியிடம் விற்றார்கள். சாமி பெயரால் நடந்ததால் அதை விற்பனை என்று யாரும் சொல்லவில்லை. அவர் வாயைத் திறந்து ஊரூராய்ச் சொன்னார், புத்தகமாய் எழுதினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார். 1947-ல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

சட்டம் இப்போதும் இருக்கிறது. 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணக் கடனே செல்லாது. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் கேட்டவனுக்கு மூன்று வருஷம் வரை ஜெயில். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய வேலைதான் என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஏமாற்றியோ, மிரட்டியோ, பணங்கொடுத்தோ ஆளைக் கொண்டுபோய்ச் சுரண்டினால், அந்த ஆள் சம்மதித்தான் என்பது சாக்காகாது. ஒரு குழந்தையைக் கொண்டுபோனால் பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை. மீட்கப்பட்டவருக்கு ஆர்.டி.ஓ. அல்லது சப் கலெக்டர் விடுதலைச் சான்று கொடுக்கவேண்டும். உடனே 30,000 ரூபாய் வரை உதவி உண்டு. ஆணுக்கு ஒரு லட்சமும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சமும் என்று மறுவாழ்வுத் தொகையும் உண்டு. ஆனால் அந்தப் பெரிய தொகையை வழக்கில் முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கு முடிவதற்குள் அந்த ஏழை மறுபடி எவனிடம் முன்பணம் வாங்குவான் என்று சர்க்காருக்குத் தெரியாதா? இது அக்கிரமம் என்று கண்டித்து இங்கேயே ஒரு தீர்மானம் போடவேண்டும்.

குழந்தைகள் விஷயமானால் 1098, பெண்கள் விஷயமானால் 181 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். வேலைக்கு அழைக்கிறவனிடம் போகிற இடம் எது, முதலாளி யார், வாரக் கூலி எவ்வளவு, நோட்டு யாரிடம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவனோடு வண்டி ஏறாதீர்கள்.

முன்பணச் சீட்டோ வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டோ யாரிடமாவது இருந்தால், கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்புறம் கொண்டுவாருங்கள். நாமும் இரண்டு தோழர்களும் உட்கார்ந்திருப்போம். படித்துச் சொல்லுகிறோம், சப் கலெக்டருக்கு மனுவும் இன்றிரவே எழுதிவிடலாம்.